அம்பு ஒட்டிய பீஸ்

வெள்ளை கவுனின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செக்கர் ஒவ்வொரு தையலாக விரலால் நீவிக்கொண்டே வந்தார். உள்ளறையில் அவர் மனைவியைக் குளிப்பாட்டி, போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். கவுன் வந்தால் உடுத்திவிடலாம் என்று சபைப் பெண்கள் இரண்டு பேர் கதவருகே நின்றார்கள். அவள் தானே தைத்து, தானே இஸ்திரி போட்டு, இதற்கென்று எடுத்து வைத்திருந்த கவுன்.

"அப்பா, குடுங்கப்பா. எவ்வளவு நேரம் அவங்க நிப்பாங்க?" என்றாள் மகள்.

"இரு."

"இப்பக்கூட குத்தம் பாக்கணுமா?"

செக்கர் அடுத்த தையலுக்கு விரலை நகர்த்தினார். ரெடிமேட் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் தெருவில் அவருக்கு செக்கர் என்றுதான் பெயர். தாண்டிய தையல், கோணல் பட்டன், எண்ணெய்க் கறை, எது அவர் கண்ணுக்குத் தப்பினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் இன்று அவர் தேடியது குற்றத்தை அல்ல. சிவப்பு நூலில், சுண்டுவிரல் நகத்தின் அளவில், ஒரு அம்பு.

நேற்று மதியம் அவள் போனாள். நாற்பது நாளாக எதிர்பார்த்ததுதான், இதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாலைக்குள் சபைக்காரர்கள் வந்து வீட்டை நிரப்பிவிட்டார்கள். பாஸ்டர் குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தபோது, அவருடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டைக்கு உள்ளே அந்த அம்பு தெரிந்தது. பிசிறு நூல் என்று நினைத்தார். அப்புறம் மனைவியின் சபைத் தோழி ரொட்டிக்கடைக்காரி டீ தம்ளர் கழுவ ரவிக்கைக் கையை மடித்தபோது மடிப்பின் உள்ளே அதே அம்பு. அப்புறம் அவளோடு வந்த பேத்தியின் கவுன் விளிம்பில். ஒரு துணியில், கம்பெனிப் பேச்சில் ஒரு பீஸில், இருந்தால் கைத்தவறு. மூன்றாவது பீஸிலும் அதே நிறத்தில் அதே அளவில் இருந்தால் யாரோ தெரிந்தே செய்கிறார்கள். இது என்ன அடையாளம்? எந்தக் கூட்டம் இது? இத்தனை நாள் இவர்களுக்கு நடுவில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

ஆனால் அவளுடைய கவுனில் அம்பு இல்லை. கழுத்து, கை, இடுப்பு, கீழ்விளிம்பு, எல்லாம் பார்த்தாயிற்று. எங்கேயும் இல்லை. அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

கவுனைக் கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது.

அம்பு என்றால் அவருக்கு அம்புதான். செக்கிங் டேபிளில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள் தாளாக இருக்கும். குறை எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து ஒன்றை உரித்து ஒட்டுவது அவர் வேலை. கல்யாணமான இரண்டாவது வாரம் அவள் அதே கம்பெனியில் பிசிறு நூல் வெட்டச் சேர்ந்தாள். சின்ன வயதில் கொதிநீர் கொட்டி இடது கன்னம் முழுக்கத் தோல் சுருங்கிப்போனவள். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்த நேரம், செக்கர் ஒரு ஸ்டிக்கரை உரித்து அவள் கன்னத்தில், தழும்பின் ஓரத்தில் ஒட்டினார். "இந்த பீஸ் மட்டும் செக்கிங் ஆகாமலே என் வீட்டுக்கு வந்துடுச்சுப்பா" என்றார். நாற்பது பேர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளே சிரித்துவிட்டாளே என்பதுதான் இத்தனை வருடமும் செக்கர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

அதற்குப் பிறகு ஸ்டிக்கர் தாள் வீட்டுக்கும் வந்தது. கறை போகாத தம்ளரில் ஒரு அம்பு. சுருக்கமாகக் காய்ந்த தலையணை உறையில் ஒரு அம்பு. சமையலறைக்குள் போனால் எங்கே அம்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் அன்றைய வேலையைத் தொடங்குவாள். முடியை எப்போதும் இடது கன்னத்தின் மேல் வழியவிட்டிருப்பாள். வீட்டில் இருந்த எந்தப் போட்டோவிலும் அவளுக்கு ஒரு கன்னம்தான். எதைச் சொல்ல வந்தாலும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய சேதியைக்கூட அப்படித்தான் சொன்னாள்.

ரொட்டிக்கடைக்காரிதான் அவளைச் சபைக்குக் கூட்டிப்போனது. மூன்று வருடத்துக்கு முன்பு. பழைய டயர் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து பெஞ்சு போட்டிருந்தார்கள், பின்னால் ஒரு தையல் அறை. போகட்டும், கழுதை, பொழுது போகும் என்று விட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அவள் முடியை இழுத்துப் பின்னால் கிளிப் போட்டுக்கொண்டு முழு முகத்தோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"யாருக்குக் காட்ட இந்த அலங்காரம்?"

"மறைச்சுக்கிட்டு இருந்தா மூச்சு முட்டுதுங்க."

"முப்பது வருஷமா முட்டாத மூச்சா?"

"முட்டிச்சு. சொல்லத் தெரியல." கொஞ்சம் நின்று சொன்னாள்: "இந்த மூஞ்சியப் பாத்துத்தாங்க ஆண்டவர் என்னைக் கூப்பிட்டாரு. அவருக்குத் தெரியாததா?"

ஆண்டவர் கூப்பிட்டாராம். எந்த ஆண்டவர், என்ன வயசு, எங்கே வேலை பார்க்கிறார் என்று செக்கரின் புத்தி ஓடியது. அவள் போனைத் துருவினார். பையைக் கவிழ்த்துப் பார்த்தார். சாயங்காலம் பின்னாலேயே போனார். கிடங்குக்கு எதிரே சைக்கிள் கடை மறைவில் நின்று பார்த்தால், ஜன்னலுக்குள் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்க, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் வீட்டில் கேட்டதில்லை. கையும் களவுமாகப் பிடிக்கப் போனவருக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வாரம் தம்ளரில் ஒட்டியிருந்த அம்பை அவள் உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "கழுவிட்டேன். இனிமே வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்." கோபமில்லை, அழுகையில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்பதும் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று செக்கர் அன்றைக்கு முடிவு கட்டினார்.

கதவு திறந்தது. அவளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெட்டியில் கிடத்தினார்கள். முடியை வழித்து வாரி, காதுக்கு மேலே கிளிப் போட்டிருந்தார்கள். காலை வெளிச்சம் நேராக அந்தக் கன்னத்தில் விழுந்தது. தெருவே வந்து பார்க்கப்போகிறது. செக்கர் குனிந்து கிளிப்பைத் தளர்த்தி, ஒரு கொத்து முடியை எடுத்துக் கன்னத்தின் மேல் விட்டார்.

ரொட்டிக்கடைக்காரி வந்து அதை எடுத்துப் பழையபடி கிளிப் போட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் செக்கர் மறுபடி முடியை இறக்கினார். இரண்டாவது தடவை அவள் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சமையலறைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. "அந்த அம்பு விஷயத்த இன்னிக்கு யாராவது சொல்லாம இருக்க முடியுமா..." என்று ரொட்டிக்கடைக்காரி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். செக்கர் தலையைக் காட்டியதும் பேச்சு டக்கென்று நின்றது. அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது, அல்லது புரிந்ததாகத் தோன்றியது. சொல்லியிருக்கிறாள். கன்னத்தில் ஒட்டியதை, தம்ளரில் ஒட்டியதை, ஒன்று விடாமல் சொல்லி அழுதிருக்கிறாள். இந்தச் சபைக்காரர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டுதான் நேற்றிலிருந்து தன்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். டீ கொடுத்தவன், தோளில் கை வைத்தவன், நாற்காலி இழுத்துப் போட்டவன், எல்லோரும் உள்ளுக்குள் இவன்தானா அவன் என்று பார்த்திருக்கிறார்கள்.

"உங்கம்மா அங்க போய் என்ன சொல்லி வெச்சிருக்கா?"

மகள் அடுப்பை அணைத்தாள். "எதைப் பத்தி?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"எதைச் சொல்லியிருப்பாங்கன்னு பயப்படறீங்கப்பா?"

மகள் நேராக அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பாஸ்டர் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "ஐயா, பத்து மணிக்கு ஜெபம் ஆரம்பிக்கலாமா? எங்க சபையில ஒரு வழக்கம் இருக்கு. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி, போனவங்களால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு ரெண்டு மூணு பேர் எழுந்து சொல்வாங்க. சாட்சின்னு சொல்வோம்."

"பேச்செல்லாம் வேண்டாம்."

"சரிங்கய்யா."

"ஜெபம் பண்ணுங்க, மூடுங்க, தூக்கிட்டுப் போயிடலாம்."

"உங்க விருப்பம்ங்கய்யா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளை செக்கர் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகத் துணியை மாற்றுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாஸ்டரையே பார்த்தார். பாஸ்டர் வாசலுக்குப் போய் யாரிடமோ ஏதோ சொன்னார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் டிரைவர். காக்கிச் சட்டை, பெரிய கைகள், அழுது வீங்கிய கண். இவன் எதற்கு என் பெண்டாட்டிக்கு இப்படி அழ வேண்டும்?

சந்தேகத்தைக் கட்டி வைக்கத் தெரியாத மனிதர். நேரே போய் அவனைப் பக்கவாட்டுச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ யாருப்பா? அவ உனக்கு என்ன வேணும்?"

"அக்காங்க. கூடப் பொறக்காத அக்கா."

"உன் சட்டையிலயும் அந்த அம்பு இருக்கா?"

டிரைவர் கூச்சத்தோடு சட்டையின் கீழ்முனையைத் திருப்பிக் காட்டினான். இருந்தது. எட்டுத் தையல், சீரான இடைவெளி. அவள் கைதான், சந்தேகமில்லை.

"பாஸ்டர் பேச வேண்டாம்னு சொல்லிட்டாருங்க. ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேனுங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "முன்னாடி ஒரு தடவை குடிச்சுட்டு வண்டியெடுத்து வேலை போச்சு. வீட்ல எல்லாம் என்னைக் கை கழுவிட்டாங்க. ஒரு நாள் சட்டை பட்டன் தைக்கக் கொடுக்க வந்தேன். அக்கா பட்டனோட சேத்து இதையும் தைச்சுட்டாங்க. இது என்னக்கான்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர் செக்கர்'னாங்க. 'ஒண்ணுக்குமே ஆகாத பீஸ்ல அம்பு ஒட்ட மாட்டாங்கடா. அதை அப்படியே தொட்டியில போட்டு, கத்திரிக்கோலால வெட்டிடுவாங்க. சரி பண்ணிக்கலாம், இது நம்ம சரக்குதான்னு நெனைக்கற பீஸ்லதான் அம்பு ஒட்டுவாங்க. உன்னை அவர் வெட்டிப் போடல, தெரிஞ்சுக்க'ன்னாங்க. அவர்னா, ஆண்டவருங்க."

உண்மைதான். ஒவ்வொரு நாளும் செக்கரின் கையால் நடந்ததுதான். ரிஜெக்ட் பீஸுக்கு ஸ்டிக்கர் செலவழிக்க மாட்டார்கள். வெட்டுத் தொட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முப்பத்து நான்கு வருடம் அம்பு ஒட்டியவருக்கு, அம்பு ஒட்டுவது எதற்கு என்று நூல் வெட்ட வந்தவள் சொல்லியிருக்கிறாள்.

இதோடு தப்பித்துக்கொள்ளலாம். அவளுக்குப் பாடம் சொன்ன புருஷன் என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"அவ... அவ கன்னத்துலயே ஒண்ணு ஒட்டினேன் நான். எல்லாரும் பாக்க. வேடிக்கைக்கு."

"தெரியும்ங்க."

"தெரியுமா?"

"அக்கா சொல்லியிருக்காங்க. சபையில எழுந்து நின்னே சொன்னாங்க." டிரைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு வலிச்சது, ரொம்ப வருஷம் வலிச்சதுன்னாங்க. நான் வெட்டிப் போட வேண்டிய பீஸுதான்னு நானே நம்பிட்டேன்னாங்க. இங்க வந்து முழங்கால் போட்டப்பதான், நான் எந்தத் தொட்டியிலயும் இல்லையே, இன்னும் டேபிள் மேலதானே இருக்கேன்னு புரிஞ்சுதுன்னாங்க. புரிய வெச்சது இயேசுன்னாங்க. உங்கள ஒரு வார்த்தை திட்டலைங்க. நல்லவர்னும் சொல்லல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் செக்கருக்கு அவன் சொன்னது முழுக்க நிஜம் என்று பட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் டீ கொடுத்திருக்கிறார்கள். அறுபத்தாறு வயதில் ஒரு சந்துக்குள் நின்று அழத் தோன்றியது, அழவும் வரவில்லை.

"அப்ப அவ கவுன்ல ஏன் அம்பு இல்ல? எல்லாருக்கும் போட்டவ, தனக்கு ஏன் போட்டுக்கல?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? உங்க வேலையாச்சே, உங்களுக்குத்தான் தெரியணும்."

தெரியும். கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. பாஸான பீஸில் அம்பு இருக்கக் கூடாது. எல்லாம் சரியாகி, பெட்டியில் வைக்கப் போகும்போது ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும். ஸ்டிக்கரோடு ஒரு பீஸ் பெட்டிக்குள் போய்விட்டால் அது செக்கரின் மானக்கேடு. அதை அவள் டேபிளுக்கு எதிரே உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்த்தவள்.

அவர் உள்ளே போனார். கூடத்தில் பாட்டு ஆரம்பித்திருந்தது. படுக்கையறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில், மடிப்புக் கலையாமல், நீலச் சட்டை இருந்தது.

வேலையிலிருந்து அவர் நின்ற நாளில் அவள் அதைக் கொடுத்தாள். சபைத் தையல் அறையில் தைத்தது. மடித்தபடியே வாங்கி, மேலோட்டமாகப் பார்த்து, "காலர் இடது முனை ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்று சொல்லி அலமாரியில் போட்டதோடு சரி. கம்பெனியில் லட்சம் சட்டையைப் பிரித்துப் பார்த்தவர், இந்த ஒன்றைப் பிரிக்கவில்லை. நேற்றுக் காலை அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டபோது, "நீலச் சட்டை போட்டுக்கோங்க" என்றாள். புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார். நீலம் யாருக்குப் பிடித்த நிறம் என்றுகூட ஒரு நிமிடம் அவர் சந்தேகம் போனது. அதை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

சட்டையைப் பிரித்தார். கைப்பட்டையைப் பார்க்கவில்லை, விளிம்பைப் பார்க்கவில்லை. காலரை நிமிர்த்தி அதன் அடியில் கட்டைவிரலை ஓட்டினார். பின்கழுத்துக்கு நேராக விரல் தடுக்கியது.

எட்டுத் தையல்.

கண்ணாடி பார்க்காமலே போட்டுக்கொண்டார். பட்டன் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இரண்டு வருடத்தில் அவர்தான் இளைத்திருந்தார்.

கூடத்துக்கு வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. பாஸ்டர் கையில் புத்தகத்தோடு நின்றார்.

"யாராவது பேசணும்னா பேசட்டுங்க. டிரைவர் தம்பி பேசட்டும்" என்றார் செக்கர். "எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்க."

பாஸ்டர் தலையசைத்தார். ரொட்டிக்கடைக்காரி அவர் சட்டையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அருகில் வந்து நின்றாள், நிமிர்ந்தபடி இருந்த அவர் காலரை மடித்துவிடக் கை நீட்டினாள்.

"அப்பா, இங்க பின்னாடி ஏதோ நூல் நீட்டிட்டிருக்கு. வெட்டிடட்டுமா?"

"வேண்டாம். அது அங்கதான் இருக்கணும்."

அவர் பெட்டியருகே போனார். காலையில் தான் இறக்கிவிட்ட முடிக்கொத்து அவள் கன்னத்தின் மேல் அப்படியே கிடந்தது. இரண்டு கையாலும் அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கிளிப்பை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. மகள் திறந்து காட்டினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை நின்றது. வெளிச்சம் மறுபடி அந்தக் கன்னத்தில் விழுந்தது.

பஸ் டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். செக்கர் நிமிரவில்லை. குனிந்த கழுத்தில் காலரின் உள்பக்கம் லேசாக உரசிக்கொண்டிருந்தது.